பாக்கெட் கேமராவுக்கு மாறினால் படத்தின் தரம் எவ்வளவு குறையும்?

உங்களிடம் ஏபிஎஸ்-சி என்ற பெரிய அளவுச் சென்சார் (ஒளியைப் பிடிக்கும் சில்லு) உள்ள கேமரா ஒன்றும், அதோடு வந்த 18-55 மி.மீ., பிறகு வாங்கிய 55-200 மி.மீ. என இரண்டு ஜூம் லென்ஸ்களும் இருக்கின்றன. தூக்கிக்கொண்டு போக அலுப்பாக இருப்பதால் எல்லாம் அலமாரியில் தூங்குகின்றன. விற்றுவிட்டுப் பாக்கெட்டில் அடங்கும் கேமரா ஒன்றை வாங்கலாமா, வாங்கினால் 1 அங்குல சென்சாரும் ஜூமும் உள்ளதா, ஜூமே இல்லாத பெரிய சென்சார் கேமராவா, 30 மடங்கு ஜூம் உள்ளதா, இல்லை கையில் இருக்கும் போனே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுப்பது பெரும்பாலும் பயணப் படங்களும் வீட்டுக் குழந்தைகளும் என்கிறீர்கள். மாடல் பெயர் கேட்பதுபோல இருந்தாலும், உள்ளே இருக்கும் கேள்வி வேறு. வசதிக்காகத் தரத்தை விட்டுக்கொடுத்தால், விட்டுக்கொடுத்தது கண்ணுக்குத் தெரியுமா, பின்னால் வருத்தப்பட வைக்குமா? அதற்குத்தான் பதில் சொல்கிறேன்.

நான் கேமராவும் லென்ஸும் பழுது பார்க்கும் வேலையில் நெடுங்காலமாக இருப்பவன். பாக்கெட் கேமராக்களில் படம் எடுத்ததைவிட அவற்றைப் பிரித்துப் பார்த்ததுதான் அதிகம். அதனால் என் பேச்சில் ஒரு சாய்வு இருக்கும். நன்றாக ஓடுகிற கேமரா என் மேஜைக்கு வருவதில்லை. எது எவ்வளவு காலம் உழைக்கும் என்று நான் சொல்வதையெல்லாம் அதை மனதில் வைத்துப் படியுங்கள். ஒளியைப் பற்றிச் சொல்வதற்கு அந்தச் சலுகை தேவையில்லை, அது வெறும் பெருக்கலும் வகுத்தலும்தான்.

முதலில் அந்தக் கணக்கு. மங்கலான அறையில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தெரிகின்றன அல்லவா, அது பெரும்பாலும் சென்சாரின் குறை இல்லை. வந்து சேர்ந்த ஒளியே குறைவு, அவ்வளவுதான். நான்கு மடங்கு ஒளி கிடைத்தால் அந்த இரைச்சல் பாதியாகக் குறையும். ஒரே காட்சியை ஒரே ஷட்டர் வேகத்தில் எடுக்கும்போது எந்தக் கேமராவுக்கு எவ்வளவு ஒளி கிடைக்கும் என்று ஒப்பிட, சென்சாரின் பரப்பை எஃப் எண்ணின் வர்க்கத்தால் வகுத்தால் போதும். எஃப் எண் என்பது லென்ஸ் எவ்வளவு திறக்கும் என்பதன் அளவு, எண் சிறிதானால் துளை பெரிது. வரும் எண்ணுக்குத் தனியாக அர்த்தம் கிடையாது. ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும்தான் அது.

உங்கள் ஏபிஎஸ்-சி சென்சாரின் பரப்பு சுமார் 367 சதுர மில்லிமீட்டர். 18-55 லென்ஸ் 18-இல் எஃப்/3.5 வரை திறக்கும், 55-இல் எஃப்/5.6 வரைதான். வகுத்துப் பார்த்தால் முதலாவதற்கு 30, இரண்டாவதற்கு 12-க்கும் கீழே. இப்போது 1 அங்குல சென்சார். அங்குலம் என்பது பெயரில்தான், இதன் அளவு 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர், பரப்பு 116. உங்களுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் சோனி ஆர்எக்ஸ்100 வரிசையில் 2014-இல் வந்த மூன்றாவது மாடலிலும், 2016-இல் வந்த கேனான் ஜி7எக்ஸ் மார்க் 2-விலும் லென்ஸ் அகலக் கோணத்தில் எஃப்/1.8, நீளமான முனையில் எஃப்/2.8. கணக்குப் போட்டால் 36, 15. அதாவது கூடவே வந்த 18-55 லென்ஸ் மாட்டிய உங்கள் பெரிய கேமராவைவிடச் சட்டைப் பையில் போகும் இந்தக் கேமராவுக்கு ஒளி கூடுதலாகவே கிடைக்கிறது. பெரிய கேமராவுக்கு எஃப்/1.8 லென்ஸ் ஒன்று மாட்டினால் இந்த ஒப்பீடு தலைகீழாகிவிடும். ஆனால் உங்களிடம் அந்த லென்ஸ் இல்லை. அலமாரியில் இருக்கும் கேமராவோடுதான் ஒப்பிட வேண்டும், கடைக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதோடு இல்லை.

மற்ற இரண்டையும் இதே தராசில் வைத்துவிடலாம். ரிக்கோ ஜிஆர் 3 மாதிரி ஜூம் இல்லாத கேமராவில் உங்களுடைய அதே அளவு சென்சாரும் எஃப்/2.8 லென்ஸும் இருப்பதால் 47 வரும். ஃபுஜிஃபில்ம் எக்ஸ்100 வரிசையில் எஃப்/2 என்பதால் 92. 30 மடங்கு ஜூம் உள்ளவற்றில் சென்சாரின் பரப்பு வெறும் 28. அகலக் கோணத்தில் எஃப்/3.3 என்றால் இரண்டரை சொச்சம், முழு ஜூமில் எஃப்/6.4 என்றால் ஒன்றுக்கும் கீழே, 0.7. நீங்கள் கேட்டதில் தரம் நிஜமாகவே கண்ணில் படும்படி குறையும் இடம் இதுதான். வெயிலில் கோபுர உச்சியையோ கிளையில் உட்கார்ந்த பறவையையோ எடுத்தால் சரி, ஒப்பேற்றிவிடும். மாலை ஆறு மணிக்கு வீட்டுக்குள் குழந்தையை எடுத்தால் முகத்தில் மெழுகு பூசியதுபோல ஆகிவிடும். இரைச்சலைத் துடைக்கப் போய்த் தோலின் நுணுக்கத்தையும் கேமரா சேர்த்துத் துடைத்துவிடுகிறது.

30 மடங்கு ஜூமுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சிறிய துளை வழியாக நுழையும் ஒளி விளிம்பில் வளைந்து பரவும். எந்த லென்ஸ் நிறுவனத்தாலும் இதைத் தவிர்க்க முடியாது. எஃப்/6.4-இல் ஒரு புள்ளி ஒளி சுமார் 8.6 மைக்ரான் அகல வட்டமாகத்தான் சென்சாரில் விழும். அந்தச் சின்னச் சென்சாரில் 20 மெகாபிக்சலை அடைத்தால் ஒரு பிக்சலின் அகலம் 1.2 மைக்ரான். ஒரு புள்ளி ஏழு பிக்சலுக்குக் குறுக்கே கலங்கிப் போகிறது. பெட்டியில் அச்சிட்ட 20 மெகாபிக்சலுக்கும் வந்து சேரும் விவரத்துக்கும் அங்கே தொடர்பே இல்லை. 1 அங்குலச் சென்சாரிலும் எஃப்/11 என்று துளையைச் சுருக்கினால் இதே கதைதான். அதனால்தான் அந்த வகைக் கேமராக்கள் பலவற்றில் துளையைச் சுருக்காமலே ஒளியைக் குறைக்க, வெயிலுக்கென்று உள்ளேயே ஒரு கறுப்பு ஃபில்டரை வைத்திருக்கிறார்கள். எஃப்/4, எஃப்/5.6-ஐத் தாண்டாமல் வைத்துக்கொண்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மேலே போட்ட கணக்கு மங்கிய வெளிச்சத்துக்குத்தான் அப்படியே பொருந்தும். நல்ல பகல் வெளிச்சத்தில் எல்லாக் கேமராவுக்கும் தேவையான ஒளி கிடைத்துவிடும். அப்போது சென்சாரால் மொத்தம் எவ்வளவு பிடித்து வைத்துக்கொள்ள முடியும் என்பதுதான் வித்தியாசம், அது கிட்டத்தட்டப் பரப்பைப் பொறுத்தது. சூரியனுக்கு முதுகைக் காட்டி, முகம் நிழலில் இருக்க நிற்கும் ஒருவரை எடுத்து, பிறகு கணினியில் நிழலை மட்டும் தூக்கிப் பாருங்கள். ரா ஃபைலில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலப் பதிவில், உங்கள் ஏபிஎஸ்-சி ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல் சுத்தமாக இருக்கும் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). இது நீங்கள் உண்மையிலேயே இழக்கும் ஒன்று. நீங்கள் ராவில் எடுத்து உட்கார்ந்து வேலை செய்கிற ஆளா என்று எழுதவில்லை. கேமராவே மெருகேற்றித் தரும் ஜேபெக்கை அப்படியே குடும்பத்தோடு பகிர்கிறவர் என்றால் இந்த இழப்பு உங்கள் கண்ணில் படாமலே போகும். திரையைப் பற்றியும் கவலை வேண்டாம். 4கே திரைக்கு 83 லட்சம் பிக்சல் போதும், 12-க்கு 8 அங்குலப் பிரிண்டை நெருக்கமாக வைத்துப் பார்த்தாலும் 86 லட்சம்தான் தேவை.

பிலிம் காலத்தில் இந்தக் குழப்பம் குறைவு. 1966-இல் வந்த ரோலை 35, 1979-இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ இரண்டும் உள்ளங்கையில் அடங்கும். ஆனால் உள்ளே ஓடியது பெரிய கேமராவில் போடும் அதே 35 மி.மீ. பிலிம்தான். இப்படிப்பட்ட சின்னக் கேமரா வாங்கினால் லென்ஸில் சமரசம் செய்தீர்கள், பிலிமில் இல்லை. டிஜிட்டல் வந்தபோது சிலிக்கான் விலை கூடுதல் என்பதால் சென்சாரைச் சுருக்கினார்கள், அதற்கேற்ப லென்ஸும் சுருங்கியது. பாக்கெட் கேமரா என்றால் தரம் குறைவு என்ற எண்ணம் அப்போது ஊன்றியது. 2010-இல் உலகம் முழுக்க 10 கோடிக்கு மேல் அனுப்பப்பட்ட இந்த வகைக் கேமரா 2023-இல் 20 லட்சத்துக்கும் கீழே போனதற்குப் போன்தான் காரணம். ஆனால் அந்தப் போட்டியால்தான் 2012-க்குப் பிறகு பெரிய சென்சார்கள் சின்ன உடலுக்குள் வந்தன என்பது என் ஊகம்.

சரி, வசதி. இதை ஒரே சொல்லில் அடக்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பாக்கெட்டில் அடங்குவது ஒரு வசதி, தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுப்பது இன்னொரு வசதி, கையில் எடுத்தவுடன் படம் பிடிப்பது மூன்றாவது, கீழே மேலே பட்டாலும் தாங்குவது நான்காவது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும். மடங்கும் ஜூம் லென்ஸைப் பிரித்தால் இது பளிச்சென்று புரியும். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று குழல்கள். ஒவ்வொன்றின் உள்சுவரிலும் சாய்வாக வெட்டிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஓடும் பிளாஸ்டிக் முளைகள், கடுகைவிடச் சிறியவை. சில வடிவமைப்புகளில் மூடும்போது நடுவில் இருக்கும் ஒரு கண்ணாடித் தொகுதி அச்சிலிருந்து விலகி ஓரமாகப் போய் ஒதுங்கிக்கொள்ளும். 2003-இல் பென்டாக்ஸ் ஆப்டியோ எஸ் என்ற கேமரா அவ்வளவு மெல்லியதாக இருந்தது இந்த வித்தையால்தான். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் அந்தத் தொகுதி இம்மி பிசகாமல் பழைய இடத்துக்கு வந்து உட்கார வேண்டும். மணல் ஒன்று பள்ளத்தில் சிக்கினால் குழல் பாதியில் நின்று, திரையில் லென்ஸ் பிழை என்று வரும்.

என்னிடம் வருவதில் கீழே விழுந்தவை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பைக்குள் இருக்கும்போதே பவர் பட்டன் அழுந்தி, லென்ஸ் வெளியே வர முயன்று, துணியை முட்டிக்கொண்டு பல்சக்கரம் தேய்ந்தவை. சாதாரணமாக ஒரு கடினமான உறை போதும் இதைத் தவிர்க்க. குழல் நீண்டு சுருங்கும்போது காற்றையும் உள்ளே இழுப்பதால் நாளடைவில் சென்சாரில் தூசு படியும். உங்கள் பெரிய கேமராவில் லென்ஸைக் கழற்றித் துடைத்துவிடலாம், இதில் முழுவதையும் பிரிக்க வேண்டும். கடற்கரை அதிகம் போகிறவர் என்றால் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

ஜூம் இல்லாத கேமராவில் இந்தத் தலைவலி குறைவு, பதிலுக்கு வேறு பலன்கள் கிடைக்கும். லென்ஸை ஒரே ஒரு கோணத்துக்காக வடிவமைப்பதால் மூலைவரை கூர்மை இருக்கும். சின்ன ஜூம்களில் அகலக் கோணத்தில் கோடுகள் வளைவதை மென்பொருள் இழுத்து நேராக்குகிறது. அப்படி இழுக்கும் இடத்தில், அதாவது மூலைகளில், விவரம் கொஞ்சம் மசியத்தான் செய்யும். ஜிஆர் 3-இல் எனக்கு மிகவும் பிடித்தது ஃபோகஸை முன்கூட்டியே ஒரு தூரத்தில் பூட்டி வைக்கும் வசதி. 2 மீட்டரில் பூட்டி எஃப்/5.6 வைத்தால் சுமார் 1.2 மீட்டரிலிருந்து ஐந்தரை மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். பட்டனை அழுத்த வேண்டியதுதான், கேமரா யோசிக்காது. ஆனால் பேட்டரி ஒரு சார்ஜுக்கு 200 படம் அளவில் படுத்துவிடும், ஃப்ளாஷ் கிடையாது, வெயிலில் கண்ணை வைத்துப் பார்க்க வியூஃபைண்டர் கிடையாது. எக்ஸ்100-இல் இவை உண்டு. ஆனால் 2024-இல் வந்த மாடல் 521 கிராம். அது கோட்டுப் பைக்குப் போகும், சட்டைப் பைக்குப் போகாது.

ஜூம் இல்லையே, வெட்டிக்கொள்ளலாமா என்றால், ஓரளவு. ஜிஆர் 3 தரும் 28 மி.மீ. பார்வையை 50 மி.மீ. பார்வைக்கு வெட்டினால் 24 மெகாபிக்சலில் ஏழரை மிஞ்சும் (இந்த எண்கள் 35 மி.மீ. பிலிம் கேமராக் கணக்கில், உங்கள் லென்ஸில் உள்ள எண்ணை ஒன்றரையால் பெருக்கினால் வருபவை). திரைக்கும் சிறிய பிரிண்டுக்கும் அது போதும். கவனிக்க வேண்டியது வேறு. வெட்டிய பின் மிஞ்சும் சென்சார் பரப்பு 115 சதுர மில்லிமீட்டர், அதாவது 1 அங்குலச் சென்சார் அளவு. எனவே 50-க்குப் பக்கத்தில் அது எஃப்/2.8 உள்ள ஆர்எக்ஸ்100-க்குச் சமமாகிவிடுகிறது, அதற்கு மேல் போனால் தோற்கிறது. பெரிய சென்சாரின் மேன்மை அகலமாக எடுப்பவருக்குத்தான்.

போனைப் பற்றி. இன்றைய நல்ல போன்கள் சிலவற்றின் பிரதானக் கேமராவை மேலே சொன்ன தராசில் வைத்தால் 20-க்குக் கொஞ்சம் மேலே வரும். 1 அங்குலக் கேமராவுக்கு அது அவ்வளவு பின்னால் இல்லை. கூடவே பல ஃப்ரேம்களை எடுத்து ஒன்றாக்கும் மென்பொருள் இருப்பதால், அசையாத காட்சியில் போன் பல சமயம் முந்திவிடும். ஆகவே அகலக் கோணத்தில் இயற்கைக் காட்சி மட்டும் எடுப்பதாக இருந்தால் புதிதாக ஒன்றும் வாங்காதீர்கள். போன் சறுக்குவது, ஓடும் குழந்தையிடம். அங்கே பல ஃப்ரேம்களைச் சேர்ப்பது சரியாக வராது. போனின் எல்இடி விளக்கால் அசைவை நிறுத்தவும் முடியாது. பாக்கெட் கேமராவில் இருக்கும் செனான் ஃப்ளாஷ் சின்னதுதான், ஆனால் மிகக் குறுகிய கணத்துக்கு மின்னி அசைவை உறைய வைத்துவிடும். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

இனி உறுதியில்லாதவை. நிறம் யாருடையது நன்றாக இருக்கிறது என்பது ரசனை. நான் ஒன்றைச் சொன்னால் எதிர்வீட்டுக்காரர் வேறொன்றைச் சொல்வார், இருவருமே சரி. ஒரே மாடலில் இரண்டு கேமராக்கள் ஒரே மாதிரி இருக்கும் என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு சின்ன லென்ஸ்களில் ஒன்றுக்கொன்று வேறுபாடு இருக்கிறது, இணையத்தில் ஒருவர் போட்ட மாதிரிப் படம் உங்கள் கைக்கு வரும் கேமராவுக்கு உத்தரவாதம் ஆகாது. மடங்கும் ஜூம் எத்தனை வருடம் தாங்கும் என்பதிலும் நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். சொன்னேனே, என் மேஜைக்கு வருவது நொண்டியவை மட்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து உங்கள் பழைய படங்களைப் பாருங்கள். எந்த ஃபோகல் நீளத்தில், அதாவது லென்ஸின் 18, 55 போன்ற எண்களில் எதில் எடுத்தது என்று ஒவ்வொரு ஃபைலிலும் பதிவாகியிருக்கும். பத்திரமாக வைத்துக்கொள்ள விரும்பும் படங்களில் பெரும்பாலானவை 18-க்கும் 24-க்கும் இடையில் என்றால் ஜூம் இல்லாத கேமராவே உங்களுக்கு. தயங்க வேண்டாம். 18-லிருந்து 55 வரை பரவியிருந்தால் எஃப்/1.8-2.8 லென்ஸ் உள்ள 1 அங்குலக் கேமரா. அதிலும் உங்களுக்குக் குழந்தைகள் முக்கியம் என்பதால் ஃபோகஸ் வேகத்தைப் பாருங்கள். ஆர்எக்ஸ்100 வரிசையில் ஃபேஸ் டிடெக்ஷன் என்ற, தேடாமல் சட்டென்று பிடிக்கும் ஃபோகஸ் வந்தது 2016-இல் வெளியான ஐந்தாவது மாடலில்தான். அதற்கு முந்தையவை மங்கிய வெளிச்சத்தில் முன்னும் பின்னும் தேடிக்கொண்டிருக்கும், அதற்குள் குழந்தை அடுத்த அறைக்குப் போயிருக்கும். நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் என் ஓட்டு அந்த ஐந்தாவதுக்கு. வெறும் 299 கிராம், தேவைப்படும்போது மேலே எழும்பும் வியூஃபைண்டரும் உண்டு.

55-200-இல் எடுத்தவைதான் அதிகம் என்றால் நிலைமை வேறு. அதே வரிசையின் ஏழாவது மாடல் பிலிம் கேமராக் கணக்கில் 24-லிருந்து 200 வரை போகும், உங்கள் லென்ஸின் எண்ணில் சொன்னால் சுமார் 133 வரை. ஆனால் முழு ஜூமில் எஃப்/4.5 என்பதால் ஒளிக் கணக்கு 6-க்கும் கீழே, உங்கள் பெரிய கேமரா அங்கே தருவதில் பாதிதான். பகலுக்குத் தாராளமாகப் போதும். பள்ளி மேடைக்குப் போதாது. அந்த மாதிரிப் படங்கள் உங்களுக்கு வேண்டுமென்றால் பெரிய கேமராவையும் 55-200-ஐயும் விற்காமல் வையுங்கள், 18-55-ஐ மட்டும் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். அது செய்த வேலையைத்தான் புதியது செய்யப்போகிறது.

எது வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் காலக்கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்யுங்கள். செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் எதிரே, கேமராவைச் சாய்க்காமல் வைத்து, அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, முழுதாகத் திறந்து, அகலக் கோணத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, கடைசியில் ஒன்று என எடுங்கள். பிறகு அபெர்ச்சரை முழுதாகச் சுருக்கி வெறும் வெள்ளைச் சுவரை எடுங்கள், தூசு இருந்தால் கறுப்புப் பொட்டாகத் தெரியும். செங்கல் படத்தில் நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே அளவுக்குக் கொஞ்சம் மங்கலாக இருந்தால் அது அந்த மாடலின் இயல்பு, விட்டுவிடலாம். மூன்று கூர்மையாக இருந்து ஒரு மூலை மட்டும் மசமசவென்று இருந்தால், உள்ளே ஒரு கண்ணாடி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். அதைப் பழுது பார்க்க என்னிடம் கொண்டுவராதீர்கள், கடையிலேயே கொடுத்து வேறொன்று கேட்டு வாங்குங்கள்.